அரியர்னு நெனச்சுக்கிட்டு பேப்பரை ட்ராப் பண்ணிடாதீங்க தம்பிங்களா

போன வாரம் ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும், கொல்லையில மோட்டார நிறுத்திட்டு வந்து அப்பத்தான் படுத்தேன், வாட்ஸப்ல கால் வருது. எங்க தெரு பையன், அப்பாவோட சிநேகிதர் மகன், அமெரிக்காவுல எம்.எஸ். படிக்கிறான், இது ரெண்டாவது செமஸ்டர். அங்க மத்தியானம், பின்னாடி பசங்க பேசிக்கிட்டு போற சத்தம் கேக்குது. "அண்ணே ஒரு சின்ன டவுட்டு, ஒரு பேப்பர் சுத்தமா புரியல, ட்ராப் பண்ணிட்டு அடுத்த செம்ல எடுத்துக்கலாம்னு பாக்குறேன், ஒண்ணும் பிரச்சன இல்லல்ல"ன்னான். எனக்கு தூக்கமே போயிடுச்சு. மொத்தம் எத்தன கிரெடிட் எடுத்திருக்கன்னு கேட்டேன், ஒம்பதுன்னான். பட்டன அமுக்கிட்டியான்னேன். "இன்னும் இல்லண்ணே, அந்த பக்கத்தத்தான் தொறந்து வச்சிருக்கேன்"ங்கிறான். தம்பி மொதல்ல லேப்டாப்ப மூடு, மூடிட்டியா, இப்ப சொல்றத கேளுன்னு ஒரு மணி நேரம் பேசினேன். அவன்கிட்ட பேசினதத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி, கும்பகோணம்னு நம்ம பக்கத்துலேர்ந்து வருஷா வருஷம் பசங்க பொண்ணுங்க போறாங்க, இத யாரும் கிளம்பும்போது சொல்லி அனுப்புறது இல்ல. ஊறுகா பாட்டில எப்படி பேக் பண்றதுன்னு பத்து பேர் சொல்றாங்க.

அந்த பையன் மேல தப்பு சொல்ல மாட்டேன். நாம வளந்த விதம் அப்படி. இங்க காலேஜ்ல சேந்துட்டா இந்த செமஸ்டருக்கு இந்தந்த பேப்பர்னு அவங்களே டைம்டேபிள் போட்டு ஒட்டிடுவாங்க. ஆறு பேப்பர், ரெண்டு லேபு, காலைல ஒம்பது மணிக்குள்ள போனா சாயங்காலம் நாலரைக்கு பஸ்ஸு. நாம எத்தன பேப்பர் எடுக்கணும்னு நம்மள யாரும் கேக்கறதில்ல, நாமளும் எண்ணிப் பாக்கறதில்ல. கவனிக்க வேண்டிய நம்பர் ஒண்ணே ஒண்ணுதான், 75 பர்சன்ட் அட்டெண்டன்ஸ். அது கொறஞ்சா பைன் கட்டி, மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்து, எச்.ஓ.டி. ரூம் வாசல்ல நின்னு சரி பண்ணிக்குவோம். பெயிலானா அரியர். அரியர் வச்சா நீ ஸ்டூடண்ட் இல்லன்னு யாரும் சொல்றதில்ல, பஸ் பாஸ் புடுங்கறதில்ல, நவம்பர்ல போனது ஏப்ரல்ல வரும்னு பரீட்சை பீஸ் கட்டிட்டு உக்காந்துருப்போம். 2022ல யு.ஜி.சி. ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கலாம்னு சொன்னப்பக்கூட, ரெண்டும் நேர்ல போயி படிக்கிறதா இருந்தா க்ளாஸ் நேரம் ஒண்ணோட ஒண்ணு மோதக் கூடாதுன்னுதான் கண்டிஷன் வச்சாங்க. நம்ம ஊர்ல முழுநேரம் படிக்கிறதுன்னா க்ளாஸ்ல உக்காந்திருக்கறதுதான் கணக்கு.

அமெரிக்காவுல அப்படி இல்ல, அங்க முழுநேர மாணவன்ங்கறதுக்கு அளவு கிரெடிட். பதிவு பண்ணி வச்சிருக்கற கிரெடிட் எத்தனங்கறத வச்சுத்தான் நீ புல் டைமா பார்ட் டைமான்னு முடிவாகும். யு.ஜி. படிக்கிறவங்களுக்கு ஒரு செமஸ்டருக்கு கொறஞ்சது 12 கிரெடிட், எப்-1ங்கற மாணவர் விசாவோட சட்டத்துலயே அந்த 12 எழுதி இருக்கு. பி.ஜி.க்கு சட்டம் நம்பர் சொல்லல, யுனிவர்சிட்டி எத புல் டைம்னு சொல்லுதோ அதுதான், பெரும்பாலான இடத்துல 9, சில இடத்துல பாடம் நடத்தவும் ஆராய்ச்சிக்கும் உதவுற டி.ஏ., ஆர்.ஏ. வேலை பாக்கறவங்களுக்கு இன்னும் கொறைவா வச்சிருப்பாங்க. ஒரு பேப்பர் பொதுவா 3 கிரெடிட், ஆக எம்.எஸ். பையனுக்கு மூணே மூணு பேப்பர். நான் அமெரிக்கா போன புதுசுல அம்மாகிட்ட சொன்னப்ப "மூணு பாடந்தானாடா? இங்க எட்டு படிச்சியே, அதுக்கா இவ்ளோ பணம்"னு கேட்டாங்க. எனக்கும் அப்ப அப்படித்தான் தோணுச்சு. ஆனா ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் க்ளாஸ், அதுக்கு வெளிய ரெண்டு மணி நேரம் சொந்தமா உக்காந்து படிக்கணும்ங்கறது அங்க கணக்கு. 9 கிரெடிட்டுக்கு வாரம் 27 மணி நேரம், அதுவும் சராசரியா படிக்கிற அங்கத்திய பையனுக்கு. மொத செமஸ்டர்ல எனக்கு அது நாப்பத தாண்டுச்சு.

யு.ஜி.க்கு போற பசங்களுக்கு இன்னொண்ணு சொல்லிடறேன், 12ங்கறது விசாவுக்கு போதும், டிகிரி முடிக்கப் போதாது. டிகிரிக்கு பொதுவா 120 கிரெடிட், எட்டு செமஸ்டரும் பன்னெண்டு பன்னெண்டா எடுத்தா 96தான் வரும். நாலு வருஷத்துல முடிக்கணும்னா 15 எடுக்கணும், இல்லன்னா அஞ்சாவது வருஷத்துக்கு இங்க அப்பா மறுபடியும் பேங்க் வாசல்ல நிக்கணும்.

இப்ப என் கதைய சொல்லணும், இல்லன்னா இதெல்லாம் வெறும் ரூல்ஸ் மாதிரி இருக்கும்.

நான் 2018 ஆகஸ்ட்ல போனேன். எங்களுக்கு பட்டுக்கோட்டைக்கு கெழக்க ரெண்டு ஏக்கர் தென்னை, 140 மரம், அது போக கொஞ்சம் நெல்லு. வயல் பத்திரத்த வச்சுத்தான் எஜுகேஷன் லோன், ஏழரை லட்சத்துக்கு மேல போனா அப்ப பேங்க்ல ஜாமீனுக்கு சொத்து கேட்டாங்க, எனக்கு அதுக்கு மேல வேண்டி இருந்துச்சு. லோன் போக மாசச் செலவுக்கு தேங்கா வெட்டுற காசு வரும், ரெண்டு மாசத்துக்கு ஒரு வெட்டு. மூணு பேப்பர் எடுத்திருந்தேன், ரெண்டு ஓடுச்சு, அல்காரிதம்ங்கற பேப்பர் ஓடல. இங்க புக்குல உள்ளத அப்படியே எழுதி பாஸ் பண்ணவன், அங்க ஹோம்வொர்க்ல ஒரு கேள்வி நாலு வரி இருக்கும், நிரூபின்னு இருக்கும், எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியாது. மிட்டெர்ம்ல நூத்துக்கு 41.

நவம்பர் 15 வியாழக்கிழமை மத்தியானம், இங்க 16ஆம் தேதி விடிஞ்சும் விடியாத நடுராத்திரி, கஜா புயல் கரையக் கடந்துச்சு. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல. நான் லைப்ரரில உக்காந்து போன்ல மேப்ப பாத்துக்கிட்டே இருக்கேன். இங்க ராத்திரி பத்தரைக்கு அம்மா பேசினாங்க, காத்து ஆரம்பிச்சிடுச்சுடா, கதவுக்கு நெல்லு மூட்டைய அண்டக் குடுத்திருக்கோம்னாங்க, அதோட சரி. அப்பறம் டவர் போயிடுச்சு. வெள்ளி, சனி, ஞாயிறு. அம்மாவுக்கு அடிச்சா ஸ்விட்ச் ஆப், அப்பாவுக்கு அடிச்சா நாட் ரீச்சபிள், பக்கத்து வீட்டுக்கு அடிச்சாலும் அதேதான். அந்த மூணு நாள் எப்படி போச்சுன்னு இப்ப எழுத வரல. ஞாயித்துக்கிழமை ராத்திரி மாமா பைக் எடுத்துக்கிட்டு, ரோட்டுல விழுந்து கெடந்த மரத்த சுத்தி சுத்தி, ஒரத்தநாடு தாண்டி தஞ்சாவூர் வந்து சிக்னல் கெடச்ச எடத்துல நின்னு போன் பண்ணாரு. "எல்லாரும் நல்லா இருக்கோம் மாப்ள, வீட்டுக்கு ஓடு மட்டும் போச்சு"ன்னாரு. தோப்புன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. "பதினோரு மரம் நிக்கிது"ன்னாரு.

போன வச்சிட்டு நேரா போர்ட்டல தொறந்து அல்காரிதத்த ட்ராப் பண்ணேன். யோசிக்கவே இல்ல. இனிமே வீட்லேர்ந்து காசு வராது, இந்த பேப்பர் பெயிலானா ஜி.பி.ஏ.ங்கற மார்க் சராசரி 3.0க்கு கீழ போயிடும், ரெண்ட மட்டும் காப்பாத்திக்கிட்டு இத அப்பறம் எழுதிக்கலாம், அரியர் மாதிரிதானேன்னு நெனச்சேன். கன்பார்ம் பண்ற பக்கத்துல வெளிநாட்டு மாணவர்கள் மொதல்ல ஆபீஸ பாக்கணும்னு ஒரு வரி இருந்துச்சு. படிச்ச ஞாபகம் இருக்கு, மண்டையில ஏறல. அமுக்கிட்டு படுத்துட்டேன்.

திங்கக்கிழமை காலைல மெயில். நீ முழுநேர அளவுக்கு கீழ போயிட்ட, உடனே வந்து பாருன்னு. போனேன். எப்-1ல இருக்கறவங்க எல்லாருக்கும் யுனிவர்சிட்டில டி.எஸ்.ஓ.ன்னு ஒருத்தர் இருப்பாரு, ஐ-20ங்கற நம்ம சேர்க்கை சான்றுல கையெழுத்து போடுறவரு, நம்ம கணக்கு செவிஸ்னு ஒரு அரசாங்க கம்ப்யூட்டர் சிஸ்டத்துல இருக்கும், அதுல பதியறதும் அவர்தான். எனக்கு வாச்சவங்க வயசான அம்மா. மொதல்ல கேட்டது பேப்பர பத்தி இல்ல, உங்க ஊரு எதுன்னு கேட்டாங்க, புயல் அடிச்ச எடம்னு சொன்னதும் வீட்ல எல்லாரும் உயிரோட இருக்காங்களான்னு கேட்டாங்க, அதுக்கப்பறம்தான் நாற்காலிய இழுத்துப் போட்டு வெளக்கினாங்க. முன் அனுமதி இல்லாம முழுநேர அளவுக்கு கீழ போனா ஸ்டேட்டஸ், அதாவது அங்க மாணவனா தங்கறதுக்கு உள்ள தகுதி, போச்சு. ஸ்டேட்டஸ் போனா கேம்பஸ்ல வேலை பாக்க முடியாது, பின்னாடி படிப்போட சேந்த வேலைப் பயிற்சிக்கு குடுக்கற சி.பி.டி., ஓ.பி.டி. அனுமதி எல்லாத்துக்கும் அடிபடும், சரி பண்ணணும்னா ஐ-539 பாரம் போட்டு அஞ்சு மாசத்துக்குள்ள கேக்கணும், அவங்க குடுத்தா உண்டு, இல்லன்னா ஊருக்கு கிளம்பணும்.

எனக்கு நேரம் இருந்துச்சு, அந்த செமஸ்டர்ல வித்ட்ரா பண்றதுக்கு கடைசி நாள் புதன்கிழமை. ப்ரொபசர்கிட்ட ஓடிப்போயி கையெழுத்து வாங்கி, திங்கக்கிழமை சாயங்காலமே என்னை திரும்ப அந்த க்ளாஸ்ல சேத்தாங்க. அப்பறம் அந்த அம்மாவே ஒரு வழி சொன்னாங்க, அதுக்குப் பேரு ரெட்யூஸ்டு கோர்ஸ் லோடு, சுருக்கமா ஆர்.சி.எல். படிப்புல உண்மையான கஷ்டம் இருந்தா, அதாவது ஆரம்பத்துல இங்கிலீஷ் கஷ்டம், வாசிக்க வேண்டியத வாசிச்சு முடிக்க முடியாத கஷ்டம், அமெரிக்காவுல பாடம் நடத்துற முறை பழகாத கஷ்டம், இல்ல தகுதிக்கு மீறின லெவல் கோர்ஸ்ல போட்டுட்டாங்கன்னா, டி.எஸ்.ஓ. அனுமதி குடுத்து ஒரு செமஸ்டருக்கு கொறச்சு எடுக்க விடலாம். அப்பயும் கொறஞ்சது 6 கிரெடிட் கையில இருக்கணும், அடுத்த செமஸ்டர் முழுசா எடுத்தே ஆகணும், அந்த டிகிரி முடியற வரைக்கும் இந்த சலுகை ஒரே ஒரு தடவதான். எனக்கு பாடம் நடத்துற முறை பழகலங்கறது சத்தியமான உண்மை. டிபார்ட்மெண்ட் அட்வைசர் அதையே லெட்டர்ல எழுதிக் குடுத்தாரு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செவிஸ்ல அனுமதி ஏறுச்சு, புதன்கிழமை காலைல மறுபடியும் அதே அல்காரிதத்த ட்ராப் பண்ணேன்.

கவனிச்சு பாருங்க. அதே பேப்பர், அதே பையன், மிச்சம் அதே 6 கிரெடிட். ஞாயித்துக்கிழமை பண்ணது ஸ்டேட்டஸ கொண்டு போயிருக்கும், புதன்கிழமை பண்ணது கொண்டு போகல. நடுவுல ஒரு அனுமதி. இதத்தான் அந்த பையன்கிட்ட திரும்ப திரும்ப சொன்னேன், ட்ராப் பண்றது தப்பே இல்ல தம்பி, மொதல்ல கேளு, அவங்க குடுத்ததுக்கு அப்பறம் பண்ணு. பண்ணிட்டு போயி கேட்டா அவங்களுக்கே கை கட்டிப் போட்ட மாதிரி.

உடம்பு சரியில்லன்னா தனி வழி இருக்கு. லைசென்ஸ் உள்ள டாக்டரோ சைக்காலஜிஸ்டோ லெட்டர் குடுத்தா, கொறைக்கறது மட்டும் இல்ல, தேவப்பட்டா ஒரு பேப்பரும் இல்லாமக்கூட அந்த செமஸ்டர் இருக்கலாம், ஒரு டிகிரிக்கு மொத்தம் 12 மாசம் வரைக்கும். மனசு சரியில்லாததும் இதுல சேத்திதான், இத அழுத்தி சொல்றேன். நம்ம பசங்க காய்ச்சல் வந்தா சொல்லுவாங்க, தூக்கம் வராம ரெண்டு மாசம் கெடந்தா சொல்ல மாட்டாங்க. போயி சொல்லுங்க, அதுக்குத்தான் அந்த ஆபீஸ்.

ஆனா ஒண்ணு, காசு இல்லங்கறது இதுல காரணமே இல்ல. எனக்கு இன்னிக்கும் ஆறாத விஷயம் இது. அந்த அம்மாகிட்ட கேட்டேன், எங்க தோப்பு மொத்தமும் போயிடுச்சு, பீஸ் கட்ட வழியில்ல, அந்த காரணத்துக்கு கொறைக்க முடியாதான்னு. முடியாதுன்னு சொல்ல அவங்களுக்கே சங்கடமா இருந்துச்சு. பணக்கஷ்டத்துக்கு கேம்பஸுக்கு வெளிய வேலை பாக்க அனுமதி கேக்கலாம், ஆனா அதுக்கு ஒரு முழு கல்வி வருஷம் முடிச்சிருக்கணும். மொத செமஸ்டர் பையனுக்கு ஒண்ணும் கெடையாது, கேம்பஸ்குள்ள வாரம் 20 மணி நேரம்தான். சம்பளக்காரர் வீட்டுப் பையனுக்கு இது பெருசா தெரியாது, மழையையும் காத்தையும் நம்பி இருக்கற வீட்டுக்கு தெரியும். மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறக்கலன்னா குறுவை போச்சுன்னு இருக்கற குடும்பம், அந்த குடும்பத்துப் பையனுக்கு பீஸ் கட்டுற தேதி மாறாது. ஊருக்கே வந்துடலாம்னு நெனச்சப்ப அதுக்கும் முறை சொன்னாங்க, அனுமதியோட விலகினா 15 நாள்ல கிளம்பணும், அஞ்சு மாசத்துக்குள்ள திரும்பலன்னா புது ஐ-20லேர்ந்து ஆரம்பிக்கணும். அப்பாகிட்ட சொன்னேன். "மரம் விழுந்தது விழுந்துடுச்சு, நீயும் வந்து விழாத"ன்னாரு. அதுக்கு மேல நான் பேசல.

கும்பகோணம் காலேஜ் பக்கம் பஸ்ல போகும்போதெல்லாம் எனக்கு ராமானுஜன் ஞாபகம் வரும். 1904ல ஸ்காலர்ஷிப்போட அங்க சேந்தாரு, கணக்கு ஒண்ணையே பாத்துக்கிட்டு மத்த பாடத்த விட்டதுல அந்த ஸ்காலர்ஷிப் போச்சு, 1905ல வீட்டுக்கு சொல்லாம விசாகப்பட்டினத்துக்கே போயிட்டாரு. அவருக்கே அந்த கணக்கு வழக்கு எரக்கம் காட்டல. அப்ப அவரு போயி பேச ஒரு ஆபீஸ் இருந்துச்சான்னு நெனச்சுக்குவேன்.

இன்னும் சில எடத்துல பசங்க வழுக்கி விழறாங்க, அதையும் சொல்லிடறேன். ஆன்லைன் பேப்பர் எத்தன வேணா எடுக்கலாம், ஆனா முழுநேர கணக்குல ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு பேப்பர், 3 கிரெடிட் வரைக்கும்தான் சேரும், 9 வேணும்னா கொறஞ்சது 6 கிரெடிட் நேர்ல போயி உக்காருற க்ளாஸா இருக்கணும். வெயிட்லிஸ்ட்ல இருக்கற பேப்பர் கணக்குல சேராது, எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு ரெண்டு வாரம் அது கெடைக்கும் கெடைக்கும்னு 6 கிரெடிட்டோட உக்காந்திருந்துச்சு, செமஸ்டர் ஆரம்பிச்சு 30 நாளுக்குள்ள டி.எஸ்.ஓ. செவிஸ்ல பதியணும்ங்கறதே அதுக்கு தெரியல, கடைசில புடிக்காத ஒரு பேப்பர எடுத்து சமாளிச்சுது. சும்மா உக்காந்து கேக்குற ஆடிட் க்ளாஸும் சேராது. சம்மர்ல ஒண்ணும் எடுக்க வேண்டாம், அது லீவு, ஆனா நீங்க சேர்றதே சம்மர்லன்னா அப்ப முழுசா எடுக்கணும். கடைசி செமஸ்டர்ல மிச்சம் இருக்கறத மட்டும் எடுத்தா போதும், அதுக்கும் முன்னாடியே அனுமதி வாங்கணும், மிச்சம் ஒரே பேப்பர்தான்னா அது ஆன்லைனா இருக்கக் கூடாது.

கனடா போறவங்களுக்கு, அங்க புல் டைம் எவ்ளோங்கறத காலேஜே சொல்லும், கடைசி செமஸ்டர்ல கொறச்சு எடுக்கலாம், 2024 நவம்பர்லேர்ந்து வெளிய வேலை வாரம் 24 மணி நேரம். அது வேற சட்டம், இதோட போட்டு கொழப்பிக்காதீங்க. கனடாவுல இருக்கற மச்சான் சொன்னான்னு அமெரிக்காவுல ஒண்ணு பண்றது, அமெரிக்கா அண்ணன் சொன்னாருன்னு கனடாவுல ஒண்ணு பண்றது, ரெண்டும் வேண்டாம். நான் சொல்றதையும் உங்க ஆபீஸ்ல ஒரு தடவ கேட்டுக்குங்க.

நான் அந்த அல்காரிதத்த அடுத்த வருஷம் மறுபடி எடுத்தேன், ட்ராப் பண்ணதுக்கு கட்டின பீஸ் திரும்ப வரல, 3 கிரெடிட்டுக்கு ரெண்டு தடவ கட்டின மாதிரி ஆச்சு. விழுந்த மரத்துக்கு அரசாங்கம் மரத்துக்கு 1,100 ரூபா போட்டு குடுத்துச்சு, அத அப்பா எனக்கு அனுப்பல, கன்னு வாங்கினாரு. எனக்கு செலவுக்கு கேம்பஸ் மெஸ்ல தட்டு கழுவுற வேலை, வாரம் 20 மணி நேரம், அந்த வேலையும் ஸ்டேட்டஸ் இருந்ததாலதான். மொத தடவ பாடம் நடத்தின அதே ப்ரொபசரே வந்தாரு, ரெண்டாவது தடவ பி ப்ளஸ்.

அந்த பையன் மறுநாள் டி.எஸ்.ஓ.வுக்கு மெயில் போட்டிருக்கான். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அப்பாயிண்ட்மெண்ட் குடுத்தாங்க. ராத்திரி மெசேஜ் வந்துச்சு, "அண்ணே ட்ராப் பண்ண வேண்டாம்னு சொல்லிட்டாங்க, வாரம் ரெண்டு நாள் டியூட்டரிங் போட்டிருக்காங்க, அது ப்ரீயாம், இது எனக்கு தெரியவே தெரியாது"ன்னு. அவங்க அப்பாகிட்ட காலைல டீக்கடையில சொன்னேன், அவருக்கு கிரெடிட்டும் புரியல டி.எஸ்.ஓ.வும் புரியல, "சாப்புடுறானாமா"ன்னு மட்டும் கேட்டாரு. சாப்புடுறான்னு சொன்னேன். அப்பறம் ரெண்டு பேரும் தோப்புக்கு போனோம், கஜாவுக்கு அப்பறம் வச்ச கன்னுல மூணாவது வரிசை இந்த வெட்டுலதான் நல்லா காச்சிருக்கு.